ஒன்றையும் விடாத ஒயர்

திருச்சி மேலப்புதூரில் சூசை காம்பவுண்டில் பாட்டு நாற ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. குழாயில் தண்ணீர் நின்று, பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பன்னிரண்டு வீடுகளிலும் மதியத்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நேரம். எலி செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் காம்பவுண்டில் எது நாறினாலும் முதலில் எலியைச் சந்தேகப்படுவார்கள், அடுத்தபடியாக மூன்றாம் வீட்டுக்காரனை.

அந்த நாற்றத்தை ஒரு மஞ்சள் பையில் சுருட்டி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தவர் ஏழாம் வீட்டுத் தைரியநாதன். முப்பத்தொரு வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கறிக்கடையில் தொங்கும் தொடை நேற்றையதா முந்தாநேற்றையதா என்று மூக்கை வைத்தே சொல்லுவார். ஓட்டல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எந்த அண்டாவில் சாம்பார் புளித்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மூக்கு உள்ளவனுக்கு உலகம் தாங்காது என்பதால் எட்டாக மடித்த கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலத்தை நான்கு சொட்டு விட்டு, அதை மூக்கில் பொத்திக்கொண்டே ஊரெல்லாம் நடந்தார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே, "தைலம் வருது, சட்டியை மூடு" என்று கடைக்குக் கடை சொல்லி, கெட்டதையெல்லாம் பின்பக்கம் கடத்திவிடுவார்கள். முப்பத்தொரு வருஷத்தில் தன் கையில் ஏன் இவ்வளவு குறைவாகப் பிடிபட்டது என்று தைரியநாதன் பலமுறை யோசித்திருக்கிறார். ஊருக்கே தெரிந்த விடை அவருக்கு மட்டும் தெரியாது.

மனுஷர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவர்களுடைய சமையலறையின் பின்பக்கத்தையே பார்த்துப் பார்த்து வயதானவர் அவர்.

அவருக்கு ஒரு ஒயர் தேவைப்பட்டது. மனைவி சிசிலியா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, கோவில் பாடகர் குழுவை நடத்தும் லியோ, அவளுடைய சித்தப்பா மகன், ரெக்கார்டரைக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்து, ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் தனியாகப் பாடும் பாட்டை ஒருமுறை பாடவைத்துப் பதிந்துகொண்டான். அடக்கம் முடிந்த வாரமே அதை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தான். பிறகு அவனுடைய கம்ப்யூட்டர் ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. அவள் குரல் உலகத்தில் இருந்தது அந்த ஒரு தட்டில் மட்டும். "பழைய செட்டுல இரையுது லியோ, நல்ல செட்டு ஒண்ணு வாங்கிக் கேட்டுட்டுத் தரேன்" என்று, லியோ தட்டைக் கேட்டபோது, தைரியநாதன் முதல் வருஷம் சொன்னார். இரண்டாம் வருஷமும் சொன்னார். ஐந்தாம் வருஷம் லியோ கேட்கவில்லை. ஆறாம் வருஷம் செப்டம்பரில் வந்து வாசலில் நின்றுகொண்டே சொன்னான்.

"இந்தத் தடவை கல்லறையில அக்கா பாட்டைப் போடணும் மச்சான். தட்டுக்கு வயசாகுது. சி.டி. பூஞ்சை புடிச்சுப் போச்சுன்னா அப்பறம் அக்காவை எங்க போய்த் தேடுவோம்?"

அதற்குமேல் இரைச்சலைச் சாக்குச் சொல்ல முடியவில்லை. குவைத்திலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கர்களும் விலைக்கு வந்தன. சி.டி. பிளேயர் ஏற்கெனவே இருந்தது. பிளேயரின் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளை, ஆம்ப்ளிஃபயரின் முதுகிலும் அதே ஆரஞ்சில் ஒரு துளை; இரண்டுக்கும் நடுவே ஒரு டிஜிட்டல் ஒயர் போட்டால் இரைச்சல் என்ற பேச்சே இருக்காது என்று குவைத்துக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒயரைத் தேடித்தான் தைரியநாதன் மூன்று கடை ஏறி இறங்கினார்.

முதல் கடையில் ஏ.சி. ஓடியது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட்டின் மேல், பாம்புத் தோல் போலப் பின்னல் போட்டு, விரல் தடிமனுக்கு ஒரு ஒயர் படுத்திருந்தது. விலை பதினோராயிரத்து ஐந்நூறு.

"வெள்ளி சார்," என்றான் டை கட்டிய விற்பனையாளன். "இதுல போட்டீங்கன்னா பாடறவங்க உங்க முன்னால உக்காந்து பாடற மாதிரி இருக்கும். பாஸ் அப்படியே இறங்கி வரும்."

"எங்கேருந்து இறங்கும்?"

"சார்?"

"டிஜிட்டல்னா வெறும் கணக்குதானேப்பா போகுது. அதுல பாஸ் எங்க உக்காந்திருக்கு, இறங்கி வர்றதுக்கு?"

"அப்படி இல்ல சார். ஒரு வாரம் ஓடவிட்டீங்கன்னா ஒயர் பழகிடும், அப்பறம் பாருங்க."

"பழகறதுக்கு அது என்ன மாப்பிள்ளையா?"

அவன் சிரித்தான். சிரித்தபோது புதினா மிட்டாய்க்குப் பின்னாலிருந்து முந்தின நாள் பிரியாணி எட்டிப் பார்த்தது. ஏ.சி.யின் வடிகட்டியைத் துவைத்து இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும் என்று தைரியநாதன் கணித்தார். அந்தக் குளிர்ந்த காற்று முழுவதும் யாரோ பலர் மூச்சுவிட்டு மிச்சம் வைத்தது. அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டாவது கடை நடைபாதையில். எல்லா ஒயரும் ஒன்றுதான் என்று சொல்லி, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு இரட்டை ஒயரை நாற்பது ரூபாய்க்குத் தள்ளிவிட்டான். அதன் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தொட்ட விரலில் காது அழுக்கு மாதிரி ஒரு பிசுக்கு ஒட்டியது. வீட்டில் அதை மாட்டிப் பார்த்தபோது பாட்டு, பல்லில் மணல் கடிபடுவது போல நறநறத்து, விட்டு விட்டு வந்தது. தைரியநாதன் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.

மூன்றாவது, சந்துக்குள் சந்தில் கனி பாயின் கடை. கடை என்பது ஒரு ஸ்டூலும் ஒரு பற்றவைப்புக் கோலும்தான். கனி பாய் பிளேயரின் பெயரைக் கேட்டார், இரண்டு பெட்டிக்கும் நடுவே எத்தனை அடி என்று கேட்டார், வேறு எதையும் கேட்கவில்லை. டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் கறுப்பு ஒயர்ச் சுருளிலிருந்து நான்கடி வெட்டினார்.

"எழுவத்தஞ்சு ஓம். அது சரியா இருக்கணும், முனையில பத்தவைப்பு சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான் சார் டிஜிட்டல் ஒயர். மிச்சம் எல்லாம் வெல்வெட்டுக்குக் குடுக்கற காசு."

"வெள்ளி வேண்டாமா?"

"வெள்ளியைக் கொலுசு பண்ணிப் போடச் சொல்லுங்க. இங்க போறது ஒண்ணும் சைபரும். ஒண்ணு, சைபர், சைபர், ஒண்ணு. வந்தா முழுசா வரும், வரலேன்னா வரவே வராது."

இப்படி ஒரு மனுஷன் பொய் சொல்லாமல் வியாபாரம் செய்வதைத் தைரியநாதன் வெகுகாலம் கழித்துப் பார்த்தார். அந்த நிம்மதியில், கேட்காததையெல்லாம் சொன்னார். வீட்டுக்காரி பாடினது, பாய். அவ இப்ப இல்ல. எங்க வீட்டு ரூம்லயே வச்சுப் பதிஞ்சது. "அந்த ரூம்ல அன்னிக்கு என்னென்ன இருந்துச்சோ, ஒண்ணும் விட்டுப்போகாம அப்படியே வரணும்."

கனி பாய் பற்றவைப்புக் கோலை ஒயரின் முனையில் வைத்தார். ஈயம் உருகிப் புகை எழுந்தது. புகைக்குள்ளிருந்து அவர் சொன்னார்: "ஒண்ணும் விடாது சார். சைபரும் விடாது."

விலை இருநூற்று இருபது. வாங்கிக்கொண்டு வந்தார்.

எடுத்தவுடன் சிசிலியாவின் தட்டைப் போட அவருக்குக் கை வரவில்லை. சோதனைக்காகப் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டார். ஒலி அப்படியே கண்ணாடி. அவர் தலையை ஆட்டி முடிப்பதற்குள் வாடை வந்தது. நாற்பது வயலின்காரர்கள் ஜன்னலைச் சாத்திய அறையில் காலையிலிருந்து உட்கார்ந்து வாசித்த அக்குள் வாடை, ஈரம் காயாத வேட்டி, வெற்றிலை எச்சில், பாடகி தன் வரியைத் தொடங்கும்போது யாரோ அவளுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வயிற்றுக் காற்றைப் பிரித்த வாடை. தைரியநாதன் கட்டிலுக்கு அடியில் பார்த்தார், சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார், மூன்றாம் வீட்டுக்காரன் வாசலில் போய் நின்று இழுத்துப் பார்த்தார்.

எட்டாம் வீட்டுப் பரிமளம்தான் கண்டுபிடித்தாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் நின்றாள், நின்று பாட்டை நிறுத்தினாள், மறுபடி போட்டாள், மறுபடி நிறுத்தினாள்.

"எலி இல்ல சார். பாட்டுதான் நாறுது. பல்லவியில வேர்வை, நடுவுல வாசிக்கிறாங்கள்ல, அங்க வெங்காய வடை. சரணத்துல என்னா பண்ணித் தொலைச்சானுங்கன்னு உங்களுக்கே தெரியும்." சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒன்றும் விடாத ஒயர் என்றால் வாடையை மட்டும் எதற்கு விடும் என்று பதினோராம் வீட்டு மின்வாரியத்துக்காரர் கேட்டது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அடுத்த நாள் காலையிலேயே ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு ஏழாம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள், கல்யாண சி.டி., காதுகுத்து சி.டி., பக்திப் பாடல்கள், போனில் பதிந்து தட்டுக்கு மாற்றிய பேச்சுகள். ஆறாம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் இரண்டு நிமிஷம் மல்லிகை வந்தது, பிறகு மண்டபத்துக் கழிவறை வந்தது, பந்தி நேரத்தில் தயிர் திரிந்துபோயிருந்ததும் அதைத் தெரிந்தே பரிமாறியதும் வந்தது; பெண் வீட்டாருக்கும் பிள்ளை வீட்டாருக்கும் ஒன்பது வருஷம் கழித்து அன்றைக்குச் சண்டை மூண்டது. உருகி உருகிப் பாடிய ஒரு பக்திப் பாடகரிடமிருந்து பிராந்தி வந்தது. தவக்காலத்தில் ஒறுத்தலைப் பற்றிப் பங்குச் சாமியார் வைத்த பிரசங்கத்தில், "நாவை அடக்குங்கள்" என்ற இடத்தில் ஆட்டு ஈரல் வறுவல் வந்தது. வார்டு கவுன்சிலர் குடிநீர் பற்றிப் பேசியதைப் போட்டபோது என்ன வாடை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் எல்லோரும் எழுந்து வெளியே ஓடினார்கள். திரும்பி வந்து இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

மாதம் ஒன்று ஆவதற்குள் அது வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏழாம் வீட்டில் கூடுவது என்று வைத்துக்கொண்டார்கள். வருகிறவர்கள் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவரவேண்டும், குமட்டலுக்கு. வாந்தி எடுக்கிறவர்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போகவேண்டும். தரகர்கள் மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு அவன் பேசிப் பதிந்த தட்டையும் கொண்டுவந்தார்கள். கால்நாற்றத்தில் இரண்டு சம்பந்தமும், சொல்லக்கூடாத வாடையில் ஒரு சம்பந்தமும் முறிந்தன. கோவில் பாடகர் குழுவில் பதிவுக்கு முன்னால் குளித்துவிட்டு வரவேண்டும் என்று லியோ உத்தரவு போட்டான். போனில் பேசும்போதுகூட ஜனங்கள் பல் விளக்கிவிட்டுப் பேசினார்கள், யார் எதைப் பதிந்து எங்கே கொண்டுபோய்ப் போடுவார்களோ என்று.

தைரியநாதனுக்கு அருவருப்புத் தாங்கவில்லை. அருவருப்பு வாடையின் மேல் அல்ல. முப்பத்தொரு வருஷம் நாற்றத்தைத் தேடிப்போவது அவருக்கு வேலை. இவர்களுக்கு அது பண்டிகை. தன் பிள்ளை முதன்முதலில் பேசிய பேச்சைக் கொண்டுவந்த ஒரு தாய்க்குப் பால் வாசமும் பவுடர் வாசமும் வந்தன. கூடியிருந்தவர்கள் கொட்டாவி விட்டு, அடுத்ததைப் போடச் சொன்னார்கள். ஒருவரும் ஒரு நல்ல வாசத்தை இரண்டாம் தடவை கேட்கவில்லை. நாறினால் மட்டும் கழுத்தை நீட்டி, மூக்கைப் பொத்திய விரலைக் கொஞ்சம் தளர்த்தி, இன்னும், இன்னும் என்று உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எச்சில் விழுங்குவதை அவர் பார்த்தார். கைக்குட்டையில் நான்கு சொட்டு எட்டாகியது, எட்டு பதினைந்தாகியது.

சிசிலியாவின் தட்டு மட்டும் அலமாரியில், மாதா சுரூபத்துக்குப் பின்னால், ஒருமுறைகூடப் போடப்படாமலே இருந்தது.

அவளுக்குச் சர்க்கரை. இடது காலில் கட்டைவிரலில் தொடங்கிய புண் கணுக்கால் வரை ஏறி, டாக்டர்கள் காலை எடுத்துவிடலாம் என்றபோது அவள் முழுசாகவே போகிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைசி நான்கு மாதம் அந்த அறையில் கால் அழுகிக்கொண்டிருந்தது. எத்தனையோ அழுகலைக் குனிந்து முகர்ந்த மூக்கு அந்த ஒரு அழுகலுக்குமுன் நிற்க முடியாமல் போனது. தைரியநாதன் அறைவாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு நிலைப்படியில் நின்று, மாத்திரை போட்டியா, கஞ்சி குடிச்சியா என்று கேட்பார். அவளும், "போட்டேங்க, குடிச்சேங்க, நீங்க போய் வெளியில காத்தாட நில்லுங்க" என்பாள். அவர் போய் நிற்பார். அவளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அப்போது நினைத்துக்கொள்வார். தினமும் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவி மறுகட்டுப் போட்டது எட்டாம் வீட்டுப் பரிமளம்.

அந்தத் தட்டைப் போட்டால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அது வந்தால் தான் என்ன செய்வார் என்பதும் தெரியும்: எழுந்து நிலைப்படிக்குப் போவார். செத்து ஆறு வருஷம் ஆனவளைவிட்டு மறுபடியும் எழுந்து போவார். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. அதுபோக, வேப்பமரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு நிற்கும் அந்தக் கூட்டம்.

அக்டோபர் கடைசி வாரம் அவர் மறுபடி கனி பாயைத் தேடிப்போனார்.

"வேற ஒயர் வேணும் பாய்."

"ஏன் சார், விட்டு விட்டு வருதா?"

"விடமாட்டேங்குது. அதான் தொந்தரவு. கொஞ்சம் விடற ஒயர் இருந்தாக் குடுங்க."

கனி பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். "பாட்டு மட்டும் வரணும், மத்தது வரக்கூடாது. அப்படியா?"

"ஆமா."

"அது நம்மகிட்ட கிடையாது சார். அந்த ஏ.சி. கடையில வெல்வெட்டுல வச்சிருப்பான் பாருங்க, அதுல கிடைக்கும். அம்மா உங்க முன்னால உக்காந்து பாடற மாதிரியே இருக்கும்." பற்றவைப்புக் கோலைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சேர்த்தார்: "ஆனா உக்காந்திருக்க மாட்டாங்க."

தைரியநாதன் ஏ.சி. கடை வரைக்கும் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டை கட்டியவன் யாருக்கோ ஒயரைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தான். அவர் கண்ணாடிக் கதவில் கை வைத்தார். கைப்பிடியில் யாரோ தின்ற பஜ்ஜியின் எண்ணெய். அவர் கையை எடுத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் லியோ வந்தான். தட்டு இன்றைக்குள் வேண்டும், வேறு பதிவு எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன், கல்லறையில் மைக் செட்காரனுடைய சாதாரண ஒயர்தான், பயப்படாதீங்க மச்சான் என்றான். அவன் போனதும் பரிமளம் சுவரோரம் வந்து நின்றாள்.

"போட்டுக் கேட்டுட்டே குடுத்துருங்க சார். நாங்க யாரும் வரல. நானே அதுங்களைத் தொரத்தி விடறேன்."

"அது வரும்மா, பரிமளம்."

"எது?"

அவர் அறையின் நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓ, காலா?" என்றாள் அவள். "வந்தா என்னா சார்? நான் நாலு மாசம் கட்டுப் பிரிச்சவ. மொத நாள் வாந்தி எடுத்தேன். ரெண்டாம் நாள் அது அக்கா வாடையாயிடுச்சு. வந்தா எனக்கும் ஒரு குரல் குடுங்க, ஆறு வருஷமாச்சு."

மத்தியானம் மூன்று மணிக்கு அவர் கதவைச் சாத்தினார். ஜன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்தார், ஒரு துளிகூட வெளியே போய் அந்த ஜனங்களின் மூக்கில் ஏறக்கூடாது என்று. பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்துத் தைலம் விட்டார். தட்டைப் போட்டார். ஒயர் பாம்புக்குட்டி போலப் பெட்டிக்குப் பின்னால் வளைந்து கிடந்தது.

முதலில் லியோவின் குரல், "ரெடியாக்கா?" அவனுடைய தலைக்குத் தேய்த்த எண்ணெய் வந்தது. பின் டெட்டால். துவைத்த போர்வை. அவள் தொண்டையைச் செருமினாள். அவர் கைக்குட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, இதோ, இதோ என்று உடம்பெல்லாம் குறுகி உட்கார்ந்திருந்தார். அவள் பாடத் தொடங்கினாள். நோயாளியின் குரல் இல்லை அது. கல்லறைச் சிலுவைகளுக்கு நடுவே மெழுகுவத்திகள் எரிய அவள் நின்று பாடும் அதே குரல். முதல் வரி முடிவதற்குள் வாடை வந்தது.

யூகலிப்டஸ்.

கைக்குட்டை என்று நினைத்தார். அதை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குறையவில்லை. ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது; ஒரு புட்டி, பத்துப் புட்டி, கண்ணில் நீர் வரவைக்கும் காட்டம், பதிவு நாளன்று நிலைப்படியிலிருந்து உள்ளே அடித்து, போர்வையை மூழ்கடித்து, டெட்டாலை மூழ்கடித்து, அவள் பாடப் பாட அவள் வாய்க்குள்ளேயே போய்க்கொண்டிருந்த தைலம். அதற்குக் கீழே புண் எங்கே என்று அவர் தேடினார். மண்டியிட்டு ஸ்பீக்கரின் வலைத்துணியில் மூக்கை வைத்து, கறித்தொடையை முகர்வதுபோல இழுத்து இழுத்துத் தேடினார். எதற்குப் பயந்து இத்தனை நாள் அந்தத் தட்டைப் போடாமல் இருந்தாரோ அது இல்லை. அந்த அறையில் அன்றைக்கு நாறியதெல்லாம் அவர்தான்.

பாட்டு முடிந்தது. ரெக்கார்டரை லியோ உடனே நிறுத்தியிருக்கவில்லை. கட்டில் கிரீச்சிட்டது.

"நல்லா வந்துச்சுக்கா," என்றது லியோவின் குரல்.

"உன் மச்சான் இவ்வளவு நேரம் வாசல்லயே நின்னாரா?"

"ஆமா, இப்பத்தான் வெளியில போனாரு. நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லையே, எப்படித் தெரியும்?"

"தைலம் வருதே." அவள் சிரித்தாள், மூச்சு வாங்கியது. "கல்யாணமான நாள்லேருந்து எனக்கு அந்த வாடையே ஆகாது லியோ. வயித்தைப் புரட்டும். அதான் காத்தாடப் போங்கன்னு அனுப்பிடுவேன்."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்றது? கூசிப்போயிடுவாரு. அப்பறம் கிட்டவே வரமாட்டாரு."

அதோடு தட்டு நின்றது.

தைரியநாதன் எழுந்து குளியலறைக்குப் போய், கைக்குட்டையை எடுத்துவந்து அடுப்பில் போட்டு எரித்து, அலமாரியிலிருந்த மூன்று தைலப் புட்டிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காம்பவுண்டின் நடுவே ஓடும் சாக்கடையில் கவிழ்த்தார். எலுமிச்சம்பழத்தோடு ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பரிமளம் எவ்வளவு துரத்தியும் போகாதவர்கள்.

"என்னா வாடை சார் வந்துச்சு?" என்று மின்வாரியத்துக்காரர் கழுத்தை நீட்டினார்.

"என் வாடைதான்," என்றார் தைரியநாதன். "பத்தலேன்னா சாக்கடையில இருக்கு, மோந்துக்கங்க."

மூன்று நாள் அந்தச் சாக்கடை யூகலிப்டஸ் வீசியது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் தலைவலி, குமட்டல் என்று முந்தானையையும் துண்டையும் மூக்கில் பொத்திக்கொண்டு நடமாடினார்கள். அவர்களுக்கு நடுவே மூக்கைத் திறந்துபோட்டுக்கொண்டு நடந்த ஒரே ஆள் தைரியநாதன். கடைக்காரர்கள் அவரைக் கவனிக்கவில்லை. வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் சட்டியை மூடினார்கள்.

கல்லறைத் திருநாளன்று சாதாரண ஒயரில் அவள் பாடினாள். மெழுகும் சாமந்தியும் மட்டும் மணத்தன. பரிமளம் கடைசி வரிசையில் நின்று இழுத்துப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அவர் நிறுத்திவிட்டார். அவரவர் போய்க் கனி பாயிடம் ஒயர் வெட்டி வாங்கிக்கொண்டார்கள், அதே சுருள், அதே நான்கடி. ஒன்றிலும் பாட்டைத் தவிர எதுவும் வரவில்லை. என்ன கேட்டு வாங்கினீர்கள் என்று ஒருவரும் தைரியநாதனைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு ஏழாம் வீட்டில் அந்தப் பாட்டு ஓடும். ஜன்னல்கள் திறந்திருக்கும். முதலில் தைலம் வந்து அறையை நிறைக்கும், அவருக்கு அது குமட்டும், சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவள் சகித்துக்கொண்ட மாதிரி. முதல் சரணம் முடிந்து அடுத்ததற்குப் போகும் முன் அவள் ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு இழுப்பாள். பொங்கல் கழிந்து ஒரு நாள், அந்த இடத்தில், அத்தனை காட்டத்துக்கும் அடியிலிருந்து ஒரு நூலிழை வந்தது. சீழும் ரத்தமும் மருந்துத் துணியும் கலந்த, இனித்து அழுகிய ஒரு நூலிழை. பக்கத்து வீட்டில் அம்மி நின்றது. "சார்," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பரிமளம் மெல்லக் கூப்பிட்டாள்.

தட்டில் சிசிலியா மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அவரும் இழுத்தார்.